துண்டுக்குள் ஒன்பது

பிராந்தி குடித்தால்தான் என் இதயம் ஓடும் என்று நான் நம்பியிருந்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, மனதார நம்பினேன். பழைய டீசல் ஜீப்பைக் காலையில் கிளப்ப நாலு பேர் தள்ள வேண்டியிருக்கும் இல்லையா, அந்த மாதிரி என் நெஞ்சுக்குள் இருந்த இன்ஜினும் திடீர் திடீரென்று நிற்கப் பார்க்கும். அப்போது ஒரு மடக்கு உள்ளே போனால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். இதற்கு ஆதாரமும் வைத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் குடித்தேன், ஒவ்வொரு தடவையும் பிழைத்தேன். இதற்கு மேல் ஒரு மருந்துக்கு என்ன சர்டிபிகேட் வேண்டும்?

நான் ஆட்டுத் தரகன். வியாழக்கிழமை விடியும்போதே அய்யலூர் சந்தையில் நின்று, திண்டுக்கல் கறிக்கடைகளுக்கும் பிரியாணிக் கடைகளுக்கும் ஆடு பிடித்துக் கொடுப்பது தொழில். எங்கள் தொழிலில் விலையை வாயால் பேசுவதில்லை. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் சேரும். விரலைப் பிடித்து அமுக்குவதுதான் பேச்சு. ஒரு விரல் என்றால் ஒன்று. ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. ஐந்தைப் பிடித்து விட்டுவிட்டு, மறுபடி நாலைப் பிடித்தால் ஒன்பது. சுற்றி நிற்கிறவர்களுக்காக வாய் அது பாட்டுக்கு, இந்த வத்தலுக்கு மூணே அதிகம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். கை ஏழு என்று அமுக்கிக்கொண்டிருக்கும். வாய் சொல்வதை யாரும் நம்புவதில்லை, அது பொய்க் கணக்கிலும் சேராது. ஆனால் துண்டுக்குள் கொடுத்த எண்ணை வெளியே வந்து மாற்றிப் பேசினால், அவனோடு அதற்கப்புறம் சந்தையில் ஒருத்தரும் துண்டு போட மாட்டார்கள். இதில் முக்கியம், முகம் எதையும் காட்டக் கூடாது. என் முகம் அந்த விஷயத்தில் பெயர் எடுத்த முகம். ஆடு கையை விட்டு ஓடினாலும் என் முகம் ஓடாது.

அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் நான் முதல் தடவை செத்தேன். தொண்ணூறுகளின் கடைசி என்று ஞாபகம். துண்டுக்கு அடியில் என் கை ஒரு வடமதுரைக்காரரின் கையோடு இருக்கிறது. காரணம் ஒன்றும் இல்லாமல் நெஞ்சு தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. காது அடைத்தது, விரல் மரத்தது, ஆடுகள் எல்லாம் தூரத்தில் போய் நின்றுகொண்ட மாதிரி இருந்தது. சரி, முடிந்தது கதை என்று முடிவு செய்துவிட்டேன். அந்த நேரத்திலும் முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. மரத்துப்போன விரலால் எதை அமுக்கினேனோ, அவர் சந்தோஷமாக நாலு கிடாயை ஓட்டிவிட்டுப் போனார்.

டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்து, குதிரை மாதிரி இருக்கிறது போங்க என்றார். குதிரைக்கும் மாரடைப்பு வருமா என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். திரும்பும் வழியில் ஒயின் ஷாப்பில் ஒரு குவார்ட்டர் வாங்கி நின்றபடியே குடித்தேன். பத்து நிமிடத்தில் நெஞ்சு அடங்கி, உலகம் கிட்டே வந்தது. அன்றைக்குப் பிடித்ததுதான் என் வைத்தியம். ஆஸ்துமாக்காரர் இன்ஹேலரைச் சட்டைப் பையில் வைத்திருப்பது போல நான் பட்டாபட்டி டவுசரின் உள்பையில் ஒரு குவார்ட்டரைக் கட்டி வைத்தேன். முதலில் அடித்தால் குடித்தேன். பிறகு அடிக்கப் போகிறதோ என்று குடித்தேன். அப்புறம் காலையில் எழுந்து இன்னும் அடிக்கவில்லையே என்று கவலைப்பட்டுக் குடித்தேன். வெளியே எல்லோரிடமும் நக்கலும் நையாண்டியுமாகத்தான் இருந்தேன். குடிகாரன் என்று யாராவது சொன்னால் கோபம் வரும். நான் இதய நோயாளி.

என் மனைவி ஆயக்குடிக்காரி. கொய்யாத் தோப்புக் குடும்பம். அதிகம் பேச மாட்டாள், பேசினால் நறுக்கென்று ஒன்று இருக்கும். கல்யாணமாகி வெகுநாள் பிள்ளை இல்லாமல் இருந்து, இனி இல்லை என்று இரண்டு பேரும் பேசாமலே ஒப்புக்கொண்ட பிறகு, அவள் வயிற்றில் பிள்ளை தங்கியது. செல்போன் எல்லோர் கைக்கும் வந்துவிட்டிருந்த சமயம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷத்திலும் நெஞ்சு அடிக்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதற்கும் குடித்தேன்.

வளைகாப்பு நடந்தது. வீடு நிறைய ஆயக்குடி சொந்தம். ஏழு வகைச் சாதம், தட்டுத் தட்டாக வளையல். அவளை அன்றே தாய்வீட்டுக்குக் கூட்டிப் போக வாடகைக் கார் வாசலில் நின்றது. இத்தனை பேருக்கு நடுவில் இதயம் நின்றுவிட்டால் அசிங்கம் என்று நான் முன்கூட்டியே மருந்து சாப்பிட்டிருந்தேன், கொஞ்சம் தாராளமாக. அவள் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டிருக்கும்போது எனக்குத் தடதடவென்று வந்தது. செத்தேன் செத்தேன் என்று கத்தியபடி புளிசாதத் தட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் மொத்தமும் பிள்ளைத்தாச்சியை விட்டுவிட்டு என்னைச் சுற்றியது. அவளுக்காக நின்ற காரில் என்னைத் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஈசிஜி. மறுபடியும் குதிரை. வேட்டியின் பின்பக்கம் பூராவும் புளிசாதம்.

அவள் பஸ்ஸில் போனாள். இரண்டு கை நிறைய வளையலோடு, நிறைமாதத்துக்கு முந்திய வயிற்றோடு, பழனி பஸ்ஸில். போவதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். திட்டுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"தூங்கற மாதிரி நடிக்காதீங்க. ஒண்ணே ஒண்ணுதான் சொல்றேன். புள்ளைய உங்க கையில குடுக்கோணும்னா இந்த வாசம் இருக்கக் கூடாது. பயம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். பயந்தவரோட நான் குடும்பம் நடத்திக்குவேன். இந்த வாசத்தோட ஏலாது. பொறவு நான் ஆயக்குடியிலயே இருந்துக்கறேன்."

வளையல் சத்தம் மாடிப்படி இறங்கி, கீழே போய், தெருச் சத்தத்தில் கலக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்னை மனநல டாக்டரிடம் கூட்டிப் போனவர் திண்டுக்கல் பேகம்பூரில் கறிக்கடை வைத்திருக்கும் பாய். பத்து வருசமாக என்னிடம் ஆடு வாங்குகிறவர், என்னைவிட மூத்தவர், என்னை மாப்ளே என்பார். அந்த போர்டைப் பார்த்ததும் நான் எதிர்ச்சாரிக்கு நடையைக் கட்டினேன். தெரிந்தவர் பார்த்தால் தொழில் போய்விடும் என்றேன். பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்து, வரவேற்பில் இருந்த பெண்ணிடம், எனக்குத்தான்மா கொஞ்சம் நட்டு கழண்டிருக்கு, இவன் துணைக்கு வந்திருக்கான் என்று சொல்லித் தன் பெயரையே கொடுத்தார். உள்ளே போன பிறகுதான் ஆளை மாற்றினார்.

டாக்டர் குடியைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து என்று சொல்லி, சில நாள் படுக்க வைத்து, மாத்திரை கொடுத்து, கை நடுக்கம் நின்ற பிறகு அனுப்பினார். போகும்போது ஒரு குண்டைப் போட்டார். குடி இறங்கும்போது நெஞ்சு அடிப்பது குடியின் வேலை. நான் மருந்து என்று கட்டிக்கொண்டு திரிந்ததே பாதி நோய். மீதிப் பாதி பயம். அந்தப் பயத்துக்கு மாடியில் இருக்கும் மேடத்தைப் பார்க்கச் சொன்னார்.

மேடம் ஒட்டன்சத்திரத்துக்காரர். பெங்களூரில் படித்துவிட்டு வந்தவர். வாரத்தில் ஒரு நாள் தனியாகப் பேசுவார், இன்னொரு நாள் எங்களைப் போல நாலைந்து பேரை வட்டமாக உட்கார வைத்துப் பாடம் நடத்துவார். குடிகாரர்கள் மட்டும் இல்லை. தூக்க மாத்திரையை விட முடியாத ஒரு வாத்தியார், திண்டுக்கல் வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத ஒரு காலேஜ் பெண் என்று கலவையான கூட்டம். அந்த வைத்தியத்தின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு கூட்ஸ் வண்டி நீளம் இருந்தது. டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி. கேட் திறக்கக் காத்திருக்கிறவன் மாதிரி அது முழுதாகக் கடந்து போகிறவரை நின்றேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

எதிரும் புதிருமான இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும், அதைத் தாங்கப் பழகுவதுதான் அது என்றார். உதாரணமாக, இப்போது இருக்கிற நிலையில் உங்களால் முடிந்ததைத்தான் நீங்கள் செய்துகொண்டிருக்கிறீர்கள், அதுவும் உண்மை. நீங்கள் மாறியே ஆக வேண்டும், அதுவும் உண்மை.

எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. இது நம்ம தொழில். விற்கிறவன் ஒரு எண், வாங்குகிறவன் ஒரு எண், நடுவில் முடிக்க வேண்டியது. "சரி மேடம், குவார்ட்டர நிறுத்தச் சொல்றீக, நான் வேணுங்கிறேன். அரைக் குவார்ட்டர்ல முடிச்சுக்குவமா?"

"நடுவுல முடிக்கறது இல்லீங்க இது. ரெண்டும் முழுசா இருக்கோணும். உங்களை முழுசா ஏத்துக்கறேன். குடியை முழுசா விடச் சொல்றேன்."

இப்படி ஒரு வியாபாரத்தை நான் அய்யலூரில் பார்த்ததே இல்லை.

ஆனாலும் போனேன். அவள் சொன்ன வாசம் மூக்கிலேயே இருந்தது. ஒரு நாள் மேடம் எல்லோர் கையிலும் ஒவ்வொரு கொய்யாவைக் கொடுத்து, இதற்கு முன் இப்படி ஒரு பொருளைப் பார்த்ததே இல்லை என்று நினைத்துப் பாருங்கள், தடவுங்கள், மோந்து பாருங்கள், மனசு வேறெங்காவது ஓடினால் திட்டாமல் திருப்பிக் கூட்டி வாருங்கள் என்றார். நான் கொய்யாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மேடம், பல்லப் பாக்காம வயசு சொல்ல முடியாது என்றேன். ஆட்டுக்குப் பல்லைப் பிடித்துத்தான் வயது பார்ப்போம். வாத்தியார் சிரித்தார். முழுக்கைச் சட்டைப் பெண்கூடச் சிரித்தாள். சிரித்து முடித்து நானும் மோந்து பார்த்தேன். ஆயக்குடியில் பெண் பார்க்கப் போன அன்று அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் வந்த வாசம். அன்று முழுக்க வேறு நக்கல் எதுவும் வரவில்லை.

இன்னொன்று சொல்லிக் கொடுத்தார். பயம் உச்சிக்கு ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் அமுக்கி வைத்தால் நெஞ்சுத் துடிப்பு தானாக இறங்கும். என் ஈசிஜிகளை எல்லாம் டாக்டரிடம் காட்டி, இந்தக் குதிரைக்கு இது ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுக்கொண்டுதான் சொன்னார். அடுத்த வியாழக்கிழமை சந்தையில் தடதடவென்று வந்தது. குளிர்ந்த தண்ணீர் என்று சுற்றிப் பார்த்தால் ஆட்டுத் தொட்டி ஒன்றுதான் இருந்தது. பனி இறங்கிய தண்ணீர். அமுக்கினேன். நிமிர்ந்தபோது எதிரே ஒரு வெள்ளாடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தாடியில் தண்ணீர் சொட்ட நாங்கள் இரண்டு பேரும் செத்த நேரம் அப்படியே நின்றோம். நெஞ்சு உண்மையிலேயே இறங்கியிருந்தது. ஆட்டுக்குத்தான் அன்று படபடப்பு.

ஆசை வந்தால் சண்டை போடாமல் அது கடக்கிறவரை நிற்க வேண்டும் என்றும் சொன்னார். அதற்கு நானே ஒரு வழி வைத்துக்கொண்டேன். அய்யலூரில் திருச்சி ரோட்டோரம் நின்றால் லாரி கடக்கும்போது புழுதி முகத்தில் அறையும். ஓடினால் புழுதியும் கூடவே ஓடிவரும். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் அது அடங்கிவிடும். ஆசையும் லாரிதான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நான் மேடத்துக்குச் சொன்ன எண்களைத் தவிர. வட்டமாக உட்கார்ந்ததும் ஒவ்வொருவரையும் கேட்பார். பூஜ்யத்திலிருந்து பத்து வரை, இந்த வாரம் பயம் எவ்வளவு, குடிக்கிற ஆசை எவ்வளவு? வாத்தியார் யோசித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ஆறு என்பார். என்னிடம் வந்தால் நான் யோசிக்கவே மாட்டேன். மூணு.

போன வாரம்? மூணு. இந்த வாரம்? மூணுக்குக் கூடப் போகாது மேடம்.

அவர் நம்பினார். சொன்ன எண்ணை நம்புவது அவர் தொழில். சொன்ன எண்ணை யாரும் நம்பாதது என் தொழில். இப்படி ஒரு குளறுபடி நடந்துகொண்டிருப்பது இரண்டு பேருக்கும் தெரியாது. நன்றாக இறங்கியிருக்கிறதே என்று அவர் சந்தோஷப்பட்டு, பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஒரு எட்டு ஆயக்குடி போய் மனைவியைப் பார்த்துவிட்டு வாருங்களேன் என்றார். குடிக்கத் தோன்றினால் குடிப்பதற்கு முன்னால் தனக்கு போன் செய்ய வேண்டும். குடித்துவிட்டுச் செய்தால் மறுநாள் வரை பேச மாட்டார். இது முதல் நாளே சொன்ன சட்டம். மூணுதானே, போன் எதற்கு என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை, வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டு, அவளுக்குப் பிடித்த அல்வா வாங்கிக்கொண்டு பழனி பஸ்ஸில் ஏறினேன். ஏறும்போதே ஒன்பது. ரெட்டியார்சத்திரம் தாண்டும்போது பஸ்ஸின் கூரை இறங்கி வந்து தலையைத் தொட்டது. ஒட்டன்சத்திரத்தில் இறங்கினேன், சும்மா காற்று வாங்க. காற்று ஒயின் ஷாப் வாசலில்தான் வீசியது. அவளுக்கு வாங்கிய அல்வாவைத் தொட்டுக்கொண்டு குடித்தேன். பிறகு எதிர்ப் பஸ் பிடித்துத் திண்டுக்கல் வந்து படுத்துவிட்டேன். ஆயக்குடியில் அவள் மீன்குழம்பு வைத்துவிட்டு சாயங்காலம் வரை காத்திருந்தது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

மறுநாள் மேடத்தின் முன்னால் போய் நின்றேன். கோபப்படுவார், வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார், அப்பாடா என்று போய்விடலாம் என்று ஒரு நப்பாசை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, நேற்று நடந்ததை ஒரு படிகூட விடாமல் சொல்லச் சொன்னார். அல்வா வாங்கியபோது எப்படி இருந்தது, பஸ் ஏறியபோது எப்படி இருந்தது என்று ஒவ்வொரு இடமாக நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"பஸ் ஏறும்போது எத்தனை?"

"மூணு."

"மூணுல ஒருத்தர் நடுவழில இறங்கமாட்டாருங்களே. நெசமா எத்தனை?"

ஜன்னலைப் பார்த்தேன். "ஒம்பது."

"போன வாரம்?"

"அதுவும் ஒம்பதுதான்."

"ஏனுங்க, அப்புறம் எதுக்கு வாராவாரம் மூணுன்னீங்க?"

எனக்கு அவர் கேட்பதே விளங்கவில்லை. "எடுத்த எடுப்புல ஒம்பதுன்னு சொன்னா எங்கிட்டுப் போயி முடியும், மேடம்? நான் மூணுன்னு சொல்லுவேன், நீங்க இல்லைன்னு ஏத்துவீகன்னு பாத்தேன். நீங்க ஏத்தவே இல்ல."

மேடம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வர, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும், தப்பு என் மேலேயும் இருக்கிறது, வாரா வாரம் ஒரே எண் வந்தபோது நான் கேட்டிருக்க வேண்டும் என்றார். பிறகு, சந்தையில் நிஜ எண்ணை எப்படித்தான் சொல்வீர்கள் என்று கேட்டார். துண்டைப் பற்றிச் சொன்னேன். துண்டுக்குள் பொய் சொல்ல மாட்டீர்களா என்றார். சொன்னால் சோறு கிடைக்காது என்றேன்.

கீழே பெஞ்சில் பாய் உட்கார்ந்திருந்தார். மேடம் அவரை மேலே கூப்பிட்டார். என் தோளில் கிடந்த துண்டை விரிக்கச் சொன்னார். நேற்று பஸ்ஸில் இருந்ததைப் பாய் கையில் சொல்லுங்கள் என்றார்.

பத்து வருசமாகத் துண்டு போட்ட கை. மேலே விசிறி சுற்றியது. நான் பாயின் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். விட்டேன். மறுபடி நாலைப் பிடித்தேன். பிடித்த கையை விட முடியவில்லை. எத்தனையோ ஆடு, எத்தனையோ விலை, எதற்கும் அசையாத முகம் பாயுடையது. அது என் கண் முன்னால் கலைந்தது.

"இம்புட்டா, மாப்ளே?" என்றார். "இம்புட்டையும் உள்ள வச்சுக்கிட்டாடா என்கிட்ட வந்து சிரிச்சுக்கிட்டு நின்ன?"

துண்டு எங்கள் கைமேல் கிடந்தது. மேடம் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டார், புழுக்கமாக இருக்கிறது என்று.

அன்றிலிருந்து அது எங்கள் பழக்கம் ஆயிற்று. கடை திறந்ததும் பாய் கல்லாவுக்கு முன்னால் துண்டை விரிப்பார். நான் எண்ணைக் கொடுப்பேன். ஏழுக்கு மேல் போனால், அவர் கறி வெட்டுவதை விட்டுவிட்டு என்னோடு டீக்கடை வரை நடப்பார். வாடிக்கையாளர்கள் தினமும் காலையில் நாங்கள் ஏதோ பெரிய கிடாய்க்கு விலை பேசுவதாக நினைத்துக்கொண்டார்கள். வட்டத்திலும் நான் வாயைத் திறந்து ஒன்பது, ஏழு, எட்டு என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். முதல் தடவை சொன்னபோது என்னைவிட வாத்தியார்தான் ஆடிப்போனார். இம்புட்டு நாளா நீங்க ஒருத்தர்தான் சொகமா இருக்கீங்கன்னு பொறாமையா இருந்துச்சு என்றார்.

பிரசவ வலி என்று என் மச்சினன் போன் செய்தபோது நான் சந்தையில் இருந்தேன். பழனியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பாய் ஏற்றிய ஆடுகளை இறக்கிவிட்டு, அதே குட்டி யானை லோடு வண்டியில் என்னை ஏற்றினார். திண்டுக்கல் தாண்டியதும் துண்டை என் மடியில் போட்டுவிட்டு, ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு மறு கையை உள்ளே நீட்டினார். ஒன்பது. சாலையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். ஒட்டன்சத்திரம் வந்தது. அதே ஒயின் ஷாப், அதே போர்டு. நிறுத்துங்க பாய், மூச்சு முட்டுது என்றேன். நிறுத்தினார். ஆனால் சாவியை எடுத்துக்கொண்டு என் பக்கத்துக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். இறங்க வழி இல்லை.

மேடத்துக்குப் போன் போட்டேன். நான் யார் என்று சொல்லும் முன்பே கேட்டார்.

"குடிச்சாச்சுங்களா, இல்லை இனிமேதானா?"

"இனிமேதான்."

"அப்பப் பேசலாம். பயம் எந்தப் பக்கம் ஓடச் சொல்லுது?"

"திண்டுக்கல் பக்கம்."

"அப்ப எந்தப் பக்கம் போகோணும்?"

"பழனிப் பக்கம். அதுக்குள்ள நின்னுபோயிரும் மேடம், நெஞ்சு."

"பயத்தோடயே போங்க. பயம் போனதுக்கப்புறம் போகலாம்னு இருந்தா புள்ளைக்குக் கல்யாணம் ஆயிரும். மொதல்ல ஐஸ் தண்ணி எங்க கிடைக்கும்னு பாருங்க."

ஒயின் ஷாப்புக்கு நாலு கடை தள்ளி ஒரு சர்பத் கடை இருந்தது. பாய் போய்ப் பேசி, ஐஸ் கட்டி மிதக்கிற வாளியை வாங்கி ரோட்டோரம் வைத்தார். நான் முட்டி போட்டு, மூச்சைப் பிடித்து, முகத்தை அமுக்கினேன். எழுந்தேன், மூச்சு விட்டேன், மறுபடி அமுக்கினேன். கூட்டம் சேர்ந்துவிட்டது. என்னங்க ஆச்சு இவருக்கு என்று சர்பத் கடைக்காரர் பதறினார். தலையில் தொப்பியும் தாடியுமாக நின்ற பாய் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்.

"பழனிக்கு வேண்டுதலுங்க."

கூட்டம் விலகி வழி விட்டது. இரண்டு பேர் கும்பிட்டார்கள். கடைக்காரர் வாளிக்குக் காசு வாங்க மறுத்து, இன்னொரு ஐஸ் கட்டியை உடைத்துப் போட்டார். வாளிக்குள் இருந்த என் முகத்துக்குச் சிரிப்பு வந்து தண்ணீர் மூக்கில் ஏறியது. அதற்குப் பிறகு துண்டு போட்டபோது ஏழு. ஏழோடு வண்டி கிளம்பியது.

ஆயக்குடி தாண்டும்போது ரோட்டோரம் கூடை கூடையாகக் கொய்யா. மறுபடி எட்டு ஆனது. ஆட்டுப் புழுக்கையும் நனைந்த சட்டையுமாக நான் ஆஸ்பத்திரி மாடி ஏறும்போது பிள்ளை பிறந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. பெண் பிள்ளை. அவள் கட்டிலில் சோர்ந்து படுத்திருந்தாள். பக்கத்தில் பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, ஒரு சின்ன முகம்.

அவள் என்னைக் கிட்டே வரச் சொன்னாள். குனியச் சொன்னாள். என் வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுவந்து மோந்து பார்த்தாள். நான் மூச்சை விட்டேன்.

"ஆட்டு வாசம்தான் வருது" என்றாள். "குளிச்சுட்டு வந்திருக்கலாம்."

பிள்ளைக்குப் போர்த்தியிருந்த துணியின் ஓரத்தை விலக்கி, அதற்கு அடியில் தன் கையை நீட்டினாள். ஆட்டுத் தரகன் பெண்டாட்டிக்கு அது தெரியாதா? பாய் போனில் வேறு எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறார்.

"சொல்லுங்க. எத்தனை?"

அவள் ஐந்து விரலையும் பிடித்தேன். விட்டேன். மூன்றைப் பிடித்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் விரல்களை அதே மாதிரி ஐந்தும் மூன்றுமாக அமுக்கினாள். அவளுக்கும் எட்டு. எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை, அவளுக்கும் ஒரு எண் இருக்கும் என்று.

"சரி, கையைக் கழுவிட்டு வந்து வாங்கிக்கங்க" என்றாள்.

கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டேன். நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. அதன் மேலேயே காதை வைத்துப் பிள்ளை தூங்கியது. மூன்றாம் மாதம் அவள் பிள்ளையோடு திண்டுக்கல் வந்துவிட்டாள். அதற்குப் பிறகும் நான் ஒரு தடவை குடித்தேன், மறுநாள் மேடத்திடம் போய்ச் சொன்னேன், அப்புறம் குடிக்கவில்லை. பயம் இப்போதும் எப்போதாவது வரும், வந்து போகும். இதயம் ஒரு தடவையும் நிற்கவில்லை.